தொண்ணூற்றொன்றாவது நாள்

ஜட்ஜ் டார்ன்லியை அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமிக்கப் போவதாக அறிவித்த அன்று மத்தியானம் எனக்கு வந்த முதல் போன் வசந்தாமணியிடமிருந்து. ஹலோகூடச் சொல்லவில்லை.

"அந்தாளு பேரை டிவில சொல்லிட்டிருக்கானுங்க. பாத்தீங்களா ஷ்யாமளா?"

"எந்தாளு?"

"என்னையப் பொய்க்காரின்னு எழுதுனவன்."

அதற்குப் பிறகு நடந்த இரண்டு மாதக் கூத்தில் வசந்தாமணியைப் பற்றி யார் யாரோ எழுதினார்கள். அவர்களில் ஒருவர்கூட அவளோடு உட்கார்ந்து ஒரு காபி குடித்தவர் இல்லை. நான் இருபது வருஷமாகக் குடிக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். கட்சிகளின் பெயரை எழுதப்போவதில்லை. நியமித்த கட்சி, எதிர்த்த கட்சி என்றால் போதும்.

வசந்தாமணி தாராபுரத்துக்குப் பக்கத்தில் குண்டடத்துக்காரி. கோயமுத்தூரில் மைக்ரோபயாலஜி படித்தவள். செல்வராஜைக் கல்யாணம் செய்துகொண்டு 2001-ல் நியூ ஜெர்சிக்கு வந்தாள். செல்வராஜ் ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்க்குக்கு கான்ட்ராக்டில் வேலை பார்த்தார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பிரிட்ஜ்வாட்டரில் அபார்ட்மெண்ட், அப்புறம் டவுன்ஹவுஸ். ஒரே பெண், தென்றல். 2007 ஜூலையில் எல்லாரும் அடித்துப் பிடித்து கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணினோமே, அப்போதுதான் அவர்களும் பண்ணினார்கள். வேலை பார்க்கும் அனுமதி அட்டை கைக்கு வந்த மாதமே வசந்தா கவுன்டி காலேஜில் ரத்தம் எடுக்கும் கோர்ஸில் சேர்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் எடுக்க ஆள் அனுப்பும் ஒரு லேப்பில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நரம்பே கிடைக்காத பேஷண்ட் என்றால், மூன்று பேர் குத்திப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடுவார்கள். அவள் கையைத் தடவிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். தொழிலில் அவளுக்கு இருந்த கர்வம் நியாயமான கர்வம்.

அந்த லேப்பில் இந்தியப் பெண்கள் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் காலை நாலு மணி ஷிஃப்டு. மூன்று வருஷமாகியும் பகல் ஷிஃப்டு வரவில்லை. எங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் வந்தது. ஒரு நாள் வசந்தா சூப்பர்வைசரிடம் நேராகவே கேட்டாள். "உங்க வீடுகள்ல தான் கும்பலா இருப்பீங்களே, பிள்ளையை யாராவது பாத்துப்பாங்க" என்றாள் அந்தப் பெண்மணி, சிரித்துக்கொண்டே. வசந்தாவின் வீட்டில் கும்பலும் இல்லை, ஒன்றுமில்லை. தென்றல் ஸ்கூல் பஸ் வரும்வரை தனியாக உட்கார்ந்திருக்கும்.

வசந்தா எழுத்தில் புகார் கொடுத்தாள். எங்கள் நாலு பேரையும் கையெழுத்துப் போடச் சொன்னாள். நான் போடவில்லை. "என்னால முடியாது வசந்தா, எனக்கு வேலை வேணும்" என்றேன். மற்ற மூவர் நாளைக்கு, நாளைக்கு என்று நழுவினார்கள். ஒன்பதாவது நாள், ஆட்டிட்யூட் சரியில்லை என்று அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அவள் விடவில்லை. அரசாங்க அலுவலகத்தில் புகார் கொடுத்து, ஒரு வருஷம் காத்திருந்து, 'நீங்கள் வழக்குப் போடலாம், ஆனால் தொண்ணூறு நாளுக்குள்' என்று கடிதம் வாங்கினாள். வக்கீல் அமர்த்த வழியில்லை. இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒருவர் திருத்திக் கொடுக்க, தானே மனு எழுதினாள். எழுதி, கிழித்து, மறுபடி எழுதி, அது முடிந்தபோது தொண்ணூறாவது நாள் வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை. செல்வராஜ் தினமும் நியூவர்க்கில் ட்ரெயின் மாறித்தான் ஜெர்சி சிட்டி போவார். நியூவர்க் ஸ்டேஷனிலிருந்து ஃபெடரல் கோர்ட் நடக்கிற தூரம்தான். கவரை அவர் கையில் கொடுத்து அனுப்பினாள்.

கோர்ட் முத்திரை புதன்கிழமை தேதியில் விழுந்திருந்தது. தொண்ணூற்றொன்றாவது நாள்.

"செவ்வாய் சாயங்காலம் கவுன்ட்டர் மூடிட்டாங்க. வெளிய இருந்த பெட்டியில போட்டேன். அவங்கதான் மறுநாள் எடுத்து முத்திரை குத்தியிருக்காங்க" என்றார் செல்வராஜ்.

வழக்கு தள்ளுபடியானது. வசந்தா அப்பீல் போனாள். மேல் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள். இரண்டுக்கு ஒன்று என்று அங்கேயும் தோற்றாள். தீர்ப்பை எழுதியவர்தான் டார்ன்லி. அந்தத் தீர்ப்பில் இரண்டு வாக்கியங்கள் அவளுக்கு மனப்பாடம். 'கவர் முந்தின நாளே பெட்டியில் போடப்பட்டது என்று மனுதாரர் சொல்வது நம்பத்தக்கதாக இல்லை. கவரைக் கொண்டுவந்த நபர் இதுவரை ஒரு வாக்குமூலமும் தரவில்லை.'

வாக்குமூலம் தரச் சொல்லி உதவி மைய வக்கீல் செல்வராஜைக் கேட்கத்தான் செய்தார். கிரீன் கார்டு பெண்டிங்கில் இருக்கிறது, என்னை இழுக்காதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அது வசந்தாவுக்கும் நியாயமாகவே பட்டது. நம்மில் யாருக்குத்தான் படாது?

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் டார்ன்லியைத் திட்டாமல் அவள் ஒரு வாரத்தைக் கடத்தியதில்லை. கிரீன் கார்டு வந்தது, சிட்டிசன்ஷிப் வந்தது, வேறு ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்தது, தென்றல் காலேஜ் முடித்தாள். திட்டு மட்டும் நிற்கவில்லை. பருப்பு அடிப்பிடித்தால்கூட, "அந்த டார்ன்லி மூஞ்சியில முழிச்ச மாதிரி" என்பாள்.

அவர்தான் இப்போது சுப்ரீம் கோர்ட்டுக்கு. செனட் ஓட்டுப் போட்டு உறுதி செய்ய வேண்டியதுதான் பாக்கி.

அறிவிப்பு வந்து மூன்றாம் நாளே எதிர்த்த கட்சிக்காரர்கள் அவருடைய பழைய தீர்ப்புகளைத் தோண்டி வசந்தாவின் வழக்கை எடுத்துவிட்டார்கள். 'ஒரே ஒரு நாள்' என்று அட்டை அடித்து வாஷிங்டனில் கோர்ட் வாசலில் நின்றார்கள். ஒரு நாள் தாமதத்துக்காக ஒரு தாயின் வழக்கைக் குப்பையில் போட்டவர் என்று டிவியில் பேசினார்கள். நியமித்த கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஏதோ பொங்கல் விழாவில் எடுத்த அவளுடைய போட்டோவைத் தேடிப் பிடித்து, 'காலண்டர் பார்க்கத் தெரியாத ஆன்ட்டி' என்று போட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போ என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். வீட்டுத் தபால் பெட்டியில் யாரோ ஒரு காலண்டர் தாளைப் போட்டிருந்தார்கள். ஒரு தேதியைச் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்தில் 'லயர்' என்று எழுதியிருந்தது. எதிர்வீட்டு அமெரிக்கர், பதினொரு வருஷமாகப் பனி பெய்தால் இவர்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிக் கொடுத்தவர், 'டார்ன்லியை உறுதி செய்' என்று புல்வெளியில் போர்டு நட்டுவிட்டு, இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நம் ஜனங்களும் குறைச்சல் இல்லை. பிரிட்ஜ்வாட்டர் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் இருநூற்றுச் சொச்சம் பேர். ஒரே நாளில் அது இரண்டாக உடைந்தது. அதோடு தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் கார்பூலும் உடைந்தது. எட்டு வயசுப் பிள்ளைகள், உங்க அப்பா எந்த குரூப் என்று கேட்டுக்கொண்டு ஏறினார்கள்.

முதலில் வீடு தேடி வந்தவர் டாக்டர் குமாரசாமி. இதய டாக்டர். கோயில் கமிட்டியில் பெரிய ஆள். நியமித்த கட்சிக்கு நம்மவர்களிடம் ஆதரவு திரட்டுபவர். நான் அன்று அங்கே இருந்தேன். அவர் உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"ஏனம்மணி, நம்மூருப் பொண்ணு நீங்க. உங்க பேரு இப்படி நாறலாமா? ரெண்டே வரி. ஜட்ஜ் மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, அவர் சட்டப்படிதான் செஞ்சாருன்னு. நானே எழுதிட்டு வந்துட்டேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

"எனக்கு வருத்தம் இருக்குதுங்களே."

"இருக்கட்டும். வெளிய சொல்லணுமா? நாம இந்த நாட்டுல நல்ல பேரு எடுத்து வெச்சிருக்கோம். வழக்கு, கோர்ட்டுன்னு திரியற கூட்டம்னு ஆயிடக்கூடாது பாருங்க."

"அந்தத் தாளை அப்படியே எடுத்துட்டுப் போயிருங்க."

அவர் எழுந்தார். செல்வராஜ் பக்கம் திரும்பி, "உங்க புது கம்பெனி டைரக்டர் நம்ம ஃப்ரெண்டுதான். போன வாரம்கூடப் பேசினேன்" என்றார், நல்ல சேதி சொல்வதுபோல. செல்வராஜ் தலையை ஆட்டினார். கார் கிளம்பின பிறகும் அவர் தலை ஆடிக்கொண்டே இருந்ததுபோல எனக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து வந்தவர் நெடுஞ்செழியன். மன்னார்குடிக்காரர், ஜெர்சி சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. எதிர்த்த கட்சிக்காக மெகாஃபோன் பிடிப்பவர். நல்ல மனுஷன்தான், ஆனால் எதிரில் இருப்பவரைப் பார்க்கும்போதே பின்னால் ஒரு கூட்டம் நிற்பதாக நினைத்துக்கொண்டு பேசுவார்.

"அக்கா, செனட் கமிட்டி விசாரணையில கடைசி நாள் வெளி ஆளுங்க சாட்சி சொல்லலாம். எங்க பக்கத்து லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. அஞ்சு நிமிஷம். நாடே கேக்கும்."

"என்ன சொல்லோணும்?"

"உங்க கதைதான். நடுவுல அழுகை வந்தா அடக்காதீங்க."

"எனக்கு அழுகை வராதுங்க தம்பி. கோவந்தான் வரும்."

"கோவம் வேண்டாங்கா" என்றார் நெடுஞ்செழியன் சீரியஸாக. "கோவம் மக்கள்கிட்ட எடுபடலைன்னு சர்வேல வந்திருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள். கட்சிக்காக இல்லை. என் வார்த்தையை நம்ப முடியாது என்று எழுதிய ஆளுக்கு முன்னால் உட்கார்ந்து, நான் பொய் சொல்லவில்லை என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

ஒரு சனிக்கிழமை காலை, வாஷிங்டனில் இருந்த கமிட்டி வக்கீலோடு வீடியோ கால் ஏற்பாடானது. தைரியத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். தென்றல் ஜெர்சி சிட்டியிலிருந்து வந்து டைனிங் டேபிளில் லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்தாள். செல்வராஜ் அடுப்படியில் எங்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தார்.

வக்கீல் சின்னப் பெண், தென்றலைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். தேதி தேதியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். செவ்வாய்க்கிழமை வந்ததும் தீர்ப்பிலிருந்து அந்த வாக்கியத்தைப் படித்தாள். கவரைக் கொண்டுவந்த நபர் வாக்குமூலம் தரவில்லை.

"அவங்க தரப்பு இதைத்தான் பிடிப்பாங்க. அந்த நபர் யாரு?"

"என் ஹஸ்பெண்ட்."

"ஓ, நல்லது. இப்ப ஒரு வாக்குமூலம் தருவாரா? எத்தனை மணிக்குப் பெட்டியில போட்டார்னு சொன்னாப் போதும். இந்த ஒரு ஓட்டையை அடைச்சிடலாம்."

வசந்தா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஏனுங்க, இங்க வாங்க. உங்களைத்தான் கேக்கறாங்க. இப்பத்தான் நமக்குப் பயம் ஒண்ணுமில்லையே, வந்து சொல்லுங்க."

செல்வராஜ் இரண்டு கையிலும் டம்ளரோடு வந்து நின்றார். உட்காரவில்லை.

"தென்றல், அதை மியூட் பண்ணு" என்றார்.

தென்றல் பண்ணினாள்.

"பெட்டியில போடல."

திரையில் அந்த வக்கீல் பெண், எங்கள் குரல் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் காலையில கோர்ட் வாசல் வரைக்கும் போனேன். உள்ள போறவங்க எல்லாரும் ஐடி காட்டிட்டுப் போறாங்க. நம்ம பேரு, விசா எல்லாம் எங்கியோ ஏறிரும், கேஸ் போட்டவங்க வீடுன்னு கிரீன் கார்டை நிறுத்திருவாங்கன்னு தோணிருச்சு. திரும்பி ட்ரெயின் ஏறிட்டேன். கவரை ஆபீஸ் டிராயர்ல வெச்சேன். அன்னைக்கு முழுக்க வேலை ஓடல. மக்யா நாள் பதினோரு மணிக்கு மனசு கேக்காமப் போய்க் குடுத்தேன். ஒரு நாள்தானே, ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள் தென்றல்.

வசந்தா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மியூட்டை எடுத்து, ஐ வில் கால் யூ பேக் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினாள். அவர் கையிலிருந்த டம்ளர்களை வாங்கி மேஜையில் வைத்தாள். அப்புறம் கேட்டாள்.

"பன்னெண்டு வருஷமா நான் அந்தாளைத் திட்டிட்டு இருந்தனே. அப்பல்லாம் நீங்க என்ன நெனச்சுட்டு இருந்தீங்க?"

அவர் பதில் சொன்னபோது, பேசாமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"நிம்மதியா இருந்துச்சு. நீ அவனைத் திட்டற வரைக்கும் என்னையக் கேக்க மாட்டேன்னு."

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இது புருஷன் பெண்டாட்டி விஷயம். வசந்தா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நானும்தானே வசந்தா அன்னிக்குக் கையெழுத்துப் போடல" என்றேன். ஏன் அந்த நேரத்தில் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"நீங்க முடியாதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. ஒரு வருஷம் உங்களைத் திட்டினேன். தீந்துபோச்சு. இது தீராதுங்க ஷ்யாமளா." செல்வராஜ் அங்கேயே நின்றிருந்தார். அவரைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

அன்று மாலையே வக்கீலுக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். அந்தப் பெண், கலந்து பேசிச் சொல்கிறோம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்செழியன் ஓடி வந்தார்.

"அக்கா, பெட்டியைப் பத்தி நீங்க பேசவே வேண்டாம். ஒரு நாள் லேட்டு, கேஸைத் தூக்கிப் போட்டார். அவ்வளவுதான். இதுல எது பொய்?"

"ஏன் லேட்டுன்னு கேட்டா?"

"ஞாபகம் இல்லன்னு சொல்லுங்க."

"ஞாபகம் இருக்குதே தம்பி. நேத்துத்தான் தெரிஞ்சுது."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு ஆளு பயந்தாங்கொள்ளியா இருந்ததுக்கு நாடு தண்டனை அனுபவிக்கணுமா? இந்த ஜட்ஜு இன்னும் முப்பது வருஷம் அந்த நாற்காலியில உக்காருவான். உங்க மாதிரி எத்தனை பேர் வயித்துல அடிப்பான்னு யோசிச்சீங்களா? உங்களுக்கு உங்க மனசாட்சி சுத்தமா இருந்தாப் போதும்."

அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வசந்தாவும் சொல்லவில்லை. "நான் வந்து பேசறேன். எல்லாத்தையும் பேசறேன். அதுக்குச் சம்மதம்னா கூப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

கூப்பிடவில்லை. வேறு சாட்சிகளோடு போவதாக முடிவெடுத்திருக்கிறோம், நன்றி என்று இரண்டு வரி ஈமெயில் வந்தது.

அத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் 'ஒரே ஒரு நாள்' அட்டைகள் நிற்கவில்லை. இப்போது 'பெட்டியில் போட்ட கவரைக் கோர்ட் தொலைத்தது' என்றுகூடச் சேர்த்துக்கொண்டார்கள். தன் பெயரில் பொய் நடக்கிறது என்று அவள் குமைந்தாள். ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். கமிட்டியில் இரண்டு கட்சிக்கும் ஒரே கடிதம். எட்டு வரி.

முதல் மூன்று வரியில், கவரை என் கணவர் பயத்தால் ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தார், பெட்டியில் போட்டதாக நான் நம்பிச் சொன்னது தவறு, நாட்களை நீதிபதி சரியாகத்தான் எண்ணினார் என்று இருந்தது. மீதி ஐந்து வரியில், ஐந்து பெண்களை மூன்று வருஷம் விடியுமுன் வேலைக்கு வரவைத்ததும், ஏன் என்று கேட்டவளை ஒன்பது நாளில் வெளியே அனுப்பியதும் உண்மை. அது சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டும் இதுவரை பார்க்கவில்லை. பயத்தில் இருப்பவர்களுக்குத் தொண்ணூறு நாள் போதுமா என்று சட்டம் செய்கிற நீங்கள் யோசியுங்கள் என்று இருந்தது.

செல்வராஜிடம் கடிதத்தைக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள். அவர் படித்துவிட்டு, "என் பேரைப் போட்டிரு. கணவர்னு மட்டும் வேண்டாம்" என்றார். அவள் போட்டாள்.

விசாரணையின் கடைசி நாள், நியமித்த கட்சி செனட்டர் ஒருவர் அந்தக் கடிதத்தை எடுத்து மைக்கில் படித்தார். முதல் மூன்று வரி. தாளை மடித்தார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர்த்த கட்சியில் ஒருவர்கூட மீதியைப் படிக்கக் கேட்கவில்லை. அவர்களுக்கு இப்போது அவள் யாரோ.

அன்று சாயங்காலத்துக்குள் வசவு திசை மாறியது. காலண்டர் ஆன்ட்டி என்றவர்கள் நேர்மையான பெண்மணி என்றார்கள். தாய் என்றவர்கள், எவ்வளவு வாங்கினாள் என்றார்கள். நெடுஞ்செழியனின் குரூப்பில் துரோகி என்று தமிழிலேயே எழுதியிருந்தது. குமாரசாமி அந்த மூன்று வரியைப் படமெடுத்து, கும்பிடு போட்ட கைகளோடு எல்லா குரூப்பிலும் அனுப்பினார். செல்வராஜின் போட்டோ கிண்டல் படமாகி அவர் ஆபீஸுக்கே போய்ச் சேர்ந்தது. அவர் ஒரு வாரம் லீவு போட்டு வீட்டிலேயே இருந்தார். அதே வீட்டில் வசந்தா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

செனட் ஓட்டெடுப்பில் டார்ன்லி இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அடுத்த சனிக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு நான்தான் அவளை அழைத்துப்போனேன். போயிருக்கக் கூடாது. கீழே கேன்டீனில் புளியோதரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். குமாரசாமி தூரத்திலிருந்தே கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"அம்மணி! நம்ம சமூகத்தோட மானத்தைக் காப்பாத்திட்டீங்க. நாங்க பத்து பேர் செய்ய முடியாததை நீங்க ஒரு கடுதாசியில செஞ்சுட்டீங்க."

வசந்தா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அந்தக் கடுதாசியில எத்தனை வரிங்க?"

"என்னது?"

"எட்டு வரி. நீங்க எத்தனை படிச்சீங்க?"

"சாராம்சம் அதுதானே அம்மணி."

"என்னைய அன்னைக்கு நாலு மணிக்கு எழுப்பி வேலை வாங்கினாங்களே, அது சாராம்சம் இல்லீங்களா? எங்க பொண்ணு தனியா உக்காந்திருந்துச்சே, அது? ஜட்ஜு நாளைச் சரியா எண்ணினாரு, ஒத்துக்கறேன். அதுக்கு மேல அவரு ஒண்ணும் பாக்கல. நீங்களும் பாக்கல. எங்க வீட்டுக்கு வந்து, எங்க வீட்டுக்காரர் வேலையைக் காட்டி மிரட்டுனீங்களே, அதையும் படம் எடுத்து குரூப்ல போடுங்க."

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குமாரசாமியின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மிரட்டுனனா? நானா? நன்றி கெட்ட ஜனங்கப்பா" என்றார் அவர். பக்கத்து மேஜையிலிருந்து யாரோ, "ரெண்டு பக்கமும் நடிக்கறா, விடுங்க சார்" என்று சத்தமாகவே சொன்னார். சொன்னவரை எனக்குத் தெரியும். அவர் மகளுக்கு ஊசி என்றால் பயம். வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துக் கொடுத்தவள் வசந்தா. நான் எழுந்து அதைச் சொல்லியிருக்கலாம். வசந்தா அதற்குள் கார் நிறுத்திய இடத்துக்குப் போய்விட்டாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, "நான் தென்றல்கிட்டப் போறேன்" என்றாள். மறுநாள் இரண்டு பெட்டியோடு போனாள்.

இப்போது ஆறு மாதமாகிறது. ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கத்தில் தென்றலின் ஒரு ரூம் அபார்ட்மெண்டில்தான் இருக்கிறாள். அங்கேயே ஒரு க்ளினிக்கில் வேலை, பகல் ஷிஃப்டு. டார்ன்லியின் முதல் தீர்ப்பு வந்தபோது, படித்தாயா என்று கேட்டேன். ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் போட்டுத் தோற்ற வழக்கு அது. "படிச்சேன். தூக்கமே வரல" என்றாள். "நெடுஞ்செழியன் சொன்னது நடந்துருச்சு" என்றும் சொன்னாள். அப்படியென்றால் அந்தக் கடிதத்தை அனுப்பாமல் இருந்திருக்கலாமா என்று கேட்டேன். "அப்படியும் சொல்ல மாட்டேன்" என்றாள். எரிச்சலோடுதான் சொன்னாள்.

செல்வராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரெயின் பிடித்து வருகிறார். முதல் இரண்டு மாதம் தென்றல் மட்டும் கீழே போய் அவரோடு டீ குடித்துவிட்டு வந்தாள். இப்போது மேலே வருகிறார். சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் வசந்தா ஏதாவது ஒரு கேள்வி கேட்பாளாம். வக்கீல் வாக்குமூலம் கேட்டப்போ என்ன நெனச்சீங்க, அப்பீல்ல தோத்த அன்னைக்கு ஏன் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்தீங்க, இப்படி. அவர் மழுப்பாமல் பதில் சொல்கிறாராம். சில பதில்களுக்குப் பிறகு, கிளம்புங்க என்று சொல்லிவிடுகிறாளாம். அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டு, அடுத்த வாரம் மறுபடி வருகிறார்.

பிரிட்ஜ்வாட்டர் வீட்டை வைத்துக்கொள்வதா விற்பதா என்று நேற்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தனக்கும் தெரியவில்லை என்றாள்.